ஜெர்மனியில் வீட்டு இணையம்: டிஎஸ்எல்லா, கேபிளா?

ஜெர்மனிக்கு வந்து வீடு கிடைத்ததும் அடுத்த கேள்வி இதுதான். வாட்ஸாப் குழுவில் "நெட் எது போடலாம்?" என்று ஒருவர் கேட்டால் பத்துப் பதில் வரும். "கேபிள் 1000 எடுங்க, விலையும் கம்மி" என்று பாதிப் பேர். "கேபிள் பக்கமே போகாதீங்க, சாயங்காலமானா படுத்துடும்" என்று மீதிப் பேர். இருவரும் அவரவர் கட்டடத்தில் நடந்ததைத்தான் சொல்கிறார்கள். உங்கள் கட்டடத்தில் என்ன நடக்கும் என்பது அந்தப் பதில்களில் இருக்காது.

ஊரில் இந்தக் கேள்வி பழசாகிவிட்டது. சென்னையிலும் கோவையிலும் ஃபைபர் கம்பியைச் சன்னல் வழியாகவே இழுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இங்கே நிறைய வாடகை வீடுகளில் இன்னும் பழைய டெலிபோன் கம்பி ஒன்று (அதில் வரும் இணையம்தான் டிஎஸ்எல்), பழைய டிவி கேபிள் ஒன்று. இரண்டில் ஒன்றை எடுத்து, பெரும்பாலும் இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதனால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

## எதை வைத்து முடிவெடுப்பது

விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் எம்பிபிஎஸ் என்ற வேக எண்ணைக் கடைசிக்குத் தள்ளுங்கள். நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கே 100 எம்பிபிஎஸ் ஒழுங்காக வந்தால் போதும். முதலில் பார்க்க வேண்டியவை வேறு.

இந்த வீட்டில் எவ்வளவு நாள் இருப்பீர்கள்? வந்த புதிதில் எடுக்கும் வீடு பெரும்பாலும் தற்காலிகம்தான். இரண்டு வருட ஒப்பந்தத்துக்கும் ஒன்பது மாத வாடகைக்கும் ஒத்து வராது.

சுவரில் என்ன இருக்கிறது? இது ரொம்ப முக்கியம். கீழே விவரமாகச் சொல்கிறேன்.

அப்லோட் எவ்வளவு வேண்டும்? வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள், பெரிய ஃபைல்களை ஆபீஸ் சர்வருக்கு ஏற்றுகிறவர்கள், நாள் முழுக்க டீம்ஸ் மீட்டிங்கில் முகம் காட்டுகிறவர்கள் டவுன்லோடை விட இதைத்தான் பார்க்க வேண்டும்.

எந்த நேரத்தில் நெட் வேண்டும்? அப்புறம், 24 மாதத்துக்கும் சேர்த்து எவ்வளவு போகும்?

இன்னொன்று. கம்பி வேறு, கம்பெனி வேறு. டெலிபோன் கம்பி டாய்ச்ச டெலிகாம் (சுருக்கமாக டெலிகாம்) என்ற நிறுவனத்துடையது; அதை வாடகைக்கு எடுத்து வோடஃபோன், 1&1, ஓ2 எல்லாரும் டிஎஸ்எல் விற்கிறார்கள். கேபிள் பெரும்பாலும் வோடஃபோனுடையது. 2013-இல் கேபிள் டாய்ச்லாந்தையும் 2019-இல் யூனிட்டிமீடியாவையும் வாங்கியதால் வந்த சொத்து அது. அதே கேபிளில் ஓ2-வும் இணைப்பு விற்கிறது. சில ஊர்களில் பியூர் என்ற பெயரிலும் கேபிள் உண்டு. ஆக "நான் வோடஃபோன் வச்சிருக்கேன்" என்று நண்பர் சொன்னால், "டிஎஸ்எல்லா, கேபிளா?" என்று திருப்பிக் கேளுங்கள். அது தெரியாமல் அவர் அனுபவத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

## டிஎஸ்எல்: பழைய டெலிபோன் கம்பி

தெருவோரம் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று நிற்கும். அதுவரை ஃபைபர், அங்கிருந்து உங்கள் வீடு வரை செப்புக் கம்பி. அந்தக் கம்பி உங்கள் வீட்டுக்கு மட்டுமானது, பக்கத்து வீட்டுக்காரரோடு பங்கு இல்லை. அதனால் மோடம் ஒரு வேகத்தில் இணைந்துவிட்டால் காலையிலும் ராத்திரியிலும் ஏறக்குறைய அதே வேகம்தான். சலிப்பூட்டும் அளவுக்கு ஒரே மாதிரி ஓடும். எனக்கு அந்தச் சலிப்பு பிடிக்கும்.

குறை, தூரம். பெட்டியிலிருந்து வீடு தள்ளிப் போகப் போக வேகம் இறங்கும். வெக்டரிங் (செப்புக் கம்பிகளுக்கு இடையிலான இரைச்சலைக் குறைத்து வேகம் கூட்டும் நுட்பம்) உள்ள பகுதியில் 100 டவுன்லோடும் 40 அப்லோடும் வரும். சூப்பர் வெக்டரிங் இருந்தால் 250 வரை போகலாம், அப்லோட் அதே 40. ஆனால் 250 கிடைக்கப் பெட்டி கிட்டத்தில் இருக்க வேண்டும். இந்த வசதி வராத ஓரத்துக் கிராமங்களில் இன்னும் 16 எம்பிபிஎஸ் திட்டம்தான் கிடைக்கும். அங்கே இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை, கேபிள் இருந்தால் கேபிளை எடுத்துவிடுங்கள்.

சுவரில் தேட வேண்டியது மூன்று துளை உள்ள சின்னச் சதுர சாக்கெட், டிஏஇ என்பார்கள். ரவுட்டர் கம்பியை நடுத் துளையில் செருக வேண்டும். பக்கத் துளைகளில் செருகிவிட்டு "லைன் வரவில்லை" என்று கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பாட்டு கேட்பவர்கள் உண்டு. பழைய வீடுகளில் அறைக்கு ஒரு டிஏஇ இருக்கும், உயிரோடு இருப்பது ஒன்றுதான். அது பெரும்பாலும் வாசலை ஒட்டிய நடையில் இருக்கும். உங்கள் மேசை கடைசி அறையில். அந்த இடைவெளியை மின்கம்பி வழியே நெட் கடத்தும் பவர்லைன் அடாப்டர் போட்டு நிரப்ப நினைக்காதீர்கள். அது டிஎஸ்எல் சிக்னலையே கெடுக்கக்கூடியது. நீளமான லேன் கம்பியை ஓரமாக இழுப்பதோ, சின்னப் பெட்டிகளை இடையிடையே வைத்துப் பரப்பும் மெஷ் வைஃபை போடுவதோ மேல்.

புது இணைப்புக்குப் பெரும்பாலும் டெக்னீஷியன் வர வேண்டும். எந்தக் கம்பெனியிடம் வாங்கினாலும் கம்பி டெலிகாமுடையது என்பதால் அவர்கள் ஆள்தான் வருவார். "காலை 8 முதல் 12-க்குள்" என்பது போல நேரம் தருவார்கள். அரை நாள் லீவு போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். இங்கே நம்மவர்கள் மாட்டும் இடம் காலிங் பெல். இந்த ஊரில் கட்டடத்துக்கு எண் உண்டு, உள்ளே ஒவ்வொரு வீட்டுக்கும் பெரும்பாலும் எண் கிடையாது, பெல்லில் எழுதியிருக்கும் பெயர்தான் முகவரி. சப்லெட்டில் இருக்கிறீர்கள், பெல்லில் முன்னாள் குடியிருப்பாளர் பெயர் அப்படியே இருக்கிறது என்றால், டெக்னீஷியன் கீழே நின்று பெயரைத் தேடுவார், காணாவிட்டால் "ஆள் இல்லை" என்று குறித்துவிட்டுப் போய்விடுவார். அடுத்த தேதிக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரிடும். ஒரு துண்டுத் தாளில் பெயரை எழுதி டேப் போட்டு ஒட்டினாலும் போதும்.

அதோடு முடியவில்லை. கட்டடத்துக்குள் கம்பி நுழையும் பெட்டி கெல்லரில், அதாவது நிலவறையில் இருக்கும். அந்த அறைச் சாவி ஹவுஸ்மைஸ்டரிடம், அதாவது கட்டடப் பராமரிப்பாளரிடம். அன்றைக்கு அவர் வருவாரா, சாவியை யாரிடமாவது கொடுத்து வைப்பாரா என்று முந்தைய வாரமே மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

## கேபிள்: டிவிக்காக வந்த கம்பி

டிவிக்காகப் போட்ட கோஆக்சியல் கேபிளில் இணையமும் வருகிறது. தடிமனான கம்பி, நிறைய தாங்கும். நகரங்களில் 1000 எம்பிபிஎஸ் வரை சர்வசாதாரணம். பெட்டியிலிருந்து தூரம் என்ற கவலை இல்லை. சாக்கெட் தயாராக இருந்தால் ரவுட்டர் தபாலில் வரும், திருகி மாட்டினால் சில நாளில் நெட். டெக்னீஷியன், கெல்லர், ஹவுஸ்மைஸ்டர் என்று எதுவும் தேவைப்படாமலே போகலாம்.

"சாக்கெட் தயாராக இருந்தால்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். டிவிக்கு ஒன்று, ரேடியோவுக்கு ஒன்று என இரண்டு துளை மட்டும் இருந்தால் அது பழையது. இணையத்துக்கென்று திருகு போட்ட இன்னொரு துளை இருக்க வேண்டும். இல்லையென்றால் டெக்னீஷியன் வந்து மாற்ற வேண்டும். கெல்லரில் இருக்கும் ஆம்ப்ளிஃபையரும் பழசென்றால் வீட்டு உரிமையாளர் சம்மதம் வேண்டும். வாடகை வீட்டில் அந்தச் சம்மதம் வர எத்தனை நாளாகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி முக்கியமான குறை. ஒரே மெயின் குழாயிலிருந்து தெரு முழுக்கத் தண்ணீர் பிரிவது போல, ஒரு பகுதியின் கொள்ளளவை அந்தப் பகுதி வீடுகள் எல்லாம் பகிர்கின்றன. ராத்திரி 8 முதல் 11 வரை எல்லாரும் படம் பார்க்கும் நேரத்தில், கூட்டமான பகுதியில் வேகம் சரியும். கூட்டம் இல்லாத பகுதியில் ஒன்றும் தெரியாது. வெளியிலிருந்து இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அதே கட்டடத்தில் கேபிள் வைத்திருக்கும் யாரையாவது ஞாயிறு ராத்திரி 9 மணிக்கு லேன் கம்பியில் ஸ்பீட் டெஸ்ட் போடச் சொல்வது. மாடிப்படியில் வணக்கம் சொல்லும் பழக்கம் இருந்தால் கேட்கலாம், சாக்லேட் ஒன்று கொடுத்துவிட்டு.

இந்த மாலை நெரிசலுக்கு நம்மவர்கள் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள் என்பது என் எண்ணம். நம் வீட்டு இணையத்தில் பாதி இந்திய நேரத்தில் ஓடுகிறது. கோடையில் இந்தியா மூன்றரை மணி நேரம் முன்னால், குளிர்காலத்தில் நாலரை. அம்மாவோடு வீடியோ கால் இங்கே சாயங்காலம் 5, 6 மணிக்குள் முடிந்துவிடும். அதற்கு மேல் அவர்கள் தூங்கப் போய்விடுவார்கள். ஐபிஎல் ஆட்டம் அங்கே ராத்திரி 7:30 என்றால் இங்கே மாலை 4:00. கடைசி ஓவர் முடியும்போது இங்கே ஏறக்குறைய எட்டு மணிதான் ஆகியிருக்கும். சென்னை டீமோடு ஆபீஸ் மீட்டிங் எல்லாம் காலையில். நெரிசல் உண்மையில் பாதிப்பது ராத்திரி ஓடிடியில் படம் பார்ப்பதையும் ஆன்லைன் கேமையும்தான். கேம் ஆடுகிற பிள்ளை வீட்டில் இருந்தால் டிஎஸ்எல் நிம்மதி.

நெரிசலை விட எனக்கு உறுத்தலாக இருப்பது வேறொன்று. கேபிளில் உங்கள் வீட்டிலிருந்து திரும்பிப் போகும் சிக்னல் தாழ்ந்த அலைவரிசையில் போகிறது. எங்கோ ஒரு வீட்டில் பழுதான ஆம்ப்ளிஃபையரோ, சரியாகத் திருகாத மலிவு டிவி கம்பியோ இருந்தால் அதன் இரைச்சல் உள்ளே புகுந்து அந்தப் பகுதி முழுவதையும் தொந்தரவு செய்யும். டவுன்லோட் ஜோராக இருக்கும், மீட்டிங்கில் மட்டும் உங்கள் குரல் உடைந்து உடைந்து போகும். ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பலனில்லை, ஏனென்றால் கோளாறு உங்கள் வீட்டில் இல்லை. வீடு வீடாகப் பிரித்துத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், சில நேரம் வாரக்கணக்கில் இழுக்கும்.

அப்லோடும் கஞ்சத்தனம்தான். 1000 வாங்கினாலும் மேலே போவது 50. பத்தில் ஒரு பங்கு டவுன்லோடுள்ள டிஎஸ்எல் 100-இல் 40 போகிறது. வீட்டிலிருந்து வேலை என்ற ஒரே கோணத்தில் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று.

கேபிளோடு சேர்த்து டிவி பேக்கேஜ் வேண்டுமா என்று விற்பனையாளர் கேட்பார். நாம் பார்ப்பதெல்லாம் இணையம் வழியே வருகிற தமிழ் ஓடிடி. ஜெர்மன் சேனல் தொகுப்புக்கு மாதாமாதம் ஏன் அழ வேண்டும்? முன்பெல்லாம் வீட்டு உரிமையாளர் கேபிள் டிவிக் கட்டணத்தை நேபன்கோஸ்டனில், அதாவது வாடகையோடு சேரும் இதரச் செலவில் சேர்த்து உங்களிடம் வாங்க முடிந்தது. 2024 ஜூலை 1 முதல் அது கூடாது. வீட்டுக்கு வீடு மாதம் 18.36 யூரோ கட்டும் ஒளிபரப்புக் கட்டணம் தனி விஷயம். கேபிள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைக் கட்டியே ஆக வேண்டும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | டிஎஸ்எல் | கேபிள் |
|---|---|---|
| அதிகபட்ச டவுன்லோட் | 100, சில இடங்களில் 250 | 1000 |
| அப்லோட் | 40 | 50, சின்னத் திட்டங்களில் குறைவு |
| ராத்திரி 8-11 | பெரும்பாலும் மாற்றமில்லை | பகுதியைப் பொறுத்துச் சரியலாம் |
| இணைப்பு வர | வாரங்கள், டெக்னீஷியன் வருகை | சாக்கெட் தயாராக இருந்தால் சில நாள் |
| கம்பெனித் தேர்வு | நிறைய | ஒன்றிரண்டு |
| வெளியிலிருந்து வீட்டுக்குள் இணைய | எளிது | பொது ஐபிவி4 முகவரி பெரும்பாலும் கிடைக்காது |
| வேகத்தைத் தீர்மானிப்பது | பெட்டியிலிருந்து தூரம் | பகுதியின் கூட்டம் |

கடைசிக்கு முந்தைய வரிசை பலருக்குப் புரிய வேண்டியதே இல்லை. வீட்டு கேமராவையோ சொந்த சர்வரையோ வெளியிலிருந்து திறக்க நினைப்பவர்கள் மட்டும் கவனியுங்கள்.

## விளம்பர விலையும் கையிலிருந்து போகிற விலையும்

"மாதம் 20 யூரோ" என்று இருக்கும்; அடியில் பொடி எழுத்தில் "முதல் 6 மாதம்". ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். முதல் 6 மாதம் 20 யூரோ, பிறகு 45 என்றால் 24 மாதத்துக்கு 120-ம் 810-ம் சேர்த்து 930. இணைப்புக் கட்டணம் 50. ரவுட்டர் வாடகை மாதம் 6 என்றால் 144. மொத்தம் 1124 யூரோ. மாதத்துக்குக் கிட்டத்தட்ட 47. வேறொரு கம்பெனி முதல் நாளிலிருந்தே 40 யூரோ, இணைப்புக் கட்டணம் இல்லை, ரவுட்டர் இலவசம் என்றால் மொத்தம் 960. விளம்பரத்தில் இரண்டு மடங்கு விலையாகத் தெரிந்தது முடிவில் மலிவு. விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் செக்24, வெரிவாக்ஸ் தளங்கள் சராசரி மாத விலை என்று காட்டுவதும் இந்த மாதிரிக் கணக்குதான். ஆனால் அதில் கேஷ்பேக்கையும் கழித்துவிடுவார்கள். கேஷ்பேக் பல மாதம் கழித்து, கேட்டு வாங்கினால்தான் வரும் என்பதும் உண்டு. அதைக் கழிக்காமல் ஒரு முறை நீங்களே கூட்டிப் பாருங்கள்.

ரவுட்டரைச் சொந்தமாக வாங்கலாம். 2016 ஆகஸ்ட் 1 முதல் எந்த ரவுட்டரைப் போடுவது என்பது உங்கள் உரிமை. ஆனால் டிஎஸ்எல்லுக்கான ஃபிரிட்ஸ்பாக்ஸ் (இங்கே பலர் வாங்கும் ரவுட்டர்) கேபிளில் வேலை செய்யாது, கேபிள் ஃபிரிட்ஸ்பாக்ஸ் டிஎஸ்எல்லில் வேலை செய்யாது. அடுத்த வீட்டில் கம்பி மாறினால் வாங்கியது வீண். பழைய பொருள் விற்கும் தளங்களில் கேபிள் பெட்டி அடிமாட்டு விலைக்குக் கிடைத்தால் உஷார்: அது யாரோ திருப்பிக் கொடுக்க வேண்டிய கம்பெனி வாடகைப் பெட்டியாக இருந்தால் உங்கள் பெயரில் பதிவாகாது. டிஎஸ்எல் பெட்டியில் இந்த வம்பு குறைவு.

## ஒப்பந்தத்தில் உங்கள் பக்கம் இருப்பவை

2021 டிசம்பர் 1-இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் வாடிக்கையாளருக்குச் சாதகமானது. முதல் ஒப்பந்தம் 24 மாதத்துக்கு மேல் இருக்கக்கூடாது, முடிந்த பிறகு ஒரு மாத நோட்டீஸில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். 12 மாத ஒப்பந்தமும் ஒன்று தரவேண்டும் என்பது கட்டாயம். விலை கூடுதலாக இருக்கும், பலர் சொல்லவே மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

வீடு மாறினால், புது முகவரியில் அந்தக் கம்பெனியால் அதே சேவையைத் தர முடியாதபோது ஒரு மாத நோட்டீஸில் வெளியேறலாம். தர முடிந்தால் ஒப்பந்தமும் உங்களோடு குடிவரும். டிஎஸ்எல் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதனால் டிஎஸ்எல் ஒப்பந்தத்தை உதறுவது கடினம், எடுத்துச் செல்வது சுலபம். கேபிளில் நேர் எதிர்.

சொன்ன வேகம் வராவிட்டால், தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் நெட்வொர்க் ஏஜென்சியின் பிரைட்பாண்ட்மெஸ்ஸுங் என்ற கணினிச் செயலியில் அளக்க வேண்டும். மூன்று வெவ்வேறு நாளில் மொத்தம் 30 அளவீடு, லேன் கம்பி மாட்டி. அந்த அறிக்கையை வைத்துக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லலாம் அல்லது ஒப்பந்தத்தை முறிக்கலாம். வைஃபையில் போனில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை யாரும் மதிக்க மாட்டார்கள். டெக்னீஷியன் சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் 10 யூரோ அல்லது மாதக் கட்டணத்தில் 20 சதவீதம், இதில் எது அதிகமோ அது இழப்பீடு. இதையும் கேட்டு வாங்க வேண்டும்.

## யாருக்கு எது

வீட்டிலிருந்து முழுநேரம் வேலை, இணைப்பு அறுந்தால் சம்பளத்துக்கே பிரச்சினை, முகவரியில் 100 கிடைக்கிறது என்றால் டிஎஸ்எல். 250-க்குக் கூடுதல் பணம் தர வேண்டாம், அப்லோட் மாறப் போவதில்லை.

முகவரியில் டிஎஸ்எல் 50-க்குக் கீழே என்றால் கேபிள், மறுபேச்சில்லை. நான்கு மாணவர்கள் பகிரும் வீடு, ஆளுக்கொரு லேப்டாப், எல்லாரும் எதையாவது டவுன்லோட் செய்துகொண்டே இருப்பார்கள் என்றாலும் கேபிள். அடுத்த வாரமே நெட் வேண்டும், சுவரில் மூன்றாவது துளை இருக்கிறது என்றாலும் அதுவே.

இரண்டுமே நன்றாகக் கிடைக்கிற நகரத்து வீடு, கணவன் மனைவி இருவர், வாரத்தில் இரண்டு நாள் வீட்டு வேலை. இங்கேதான் ரொம்பக் குழம்புகிறார்கள், ஆனால் குழம்பவே தேவையில்லாத இடம் இதுதான். 24 மாதக் கணக்கில் எது மலிவோ அதை எடுங்கள். இணையத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம். அந்தக் கெடு முடிவதற்குள் இணைப்பு வந்துவிட்டால் ராத்திரி 9 மணிக்கு ஒரு டெஸ்ட் போட்டுப் பாருங்கள்.

ஒரு வருடத்துக்குள் வீடு மாறப் போகிறீர்கள் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு, மாதாமாதம் நிறுத்தக்கூடிய 5ஜி ஹோம் ரவுட்டர் பாருங்கள். முதலில் சன்னலோரம் போனை வைத்து அந்த நெட்வொர்க்கில் சிக்னல் எப்படி என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கட்டடத்துக்கு ஃபைபர் வரப்போகிறது என்று வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தால் 24 மாதம் கையெழுத்துப் போடாதீர்கள். அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். நோட்டீஸ் ஒட்டியதற்கும் உங்கள் சுவரில் துளை போடுவதற்கும் இடையில் ஒரு வருடம்கூட ஓடலாம். 12 மாத டிஎஸ்எல் அல்லது கேபிள், எது கிடைக்கிறதோ அது.

பெல்லில் பெயரை மட்டும் இன்றைக்கே ஒட்டிவிடுங்கள். ஃபைபர்காரரும் அதைப் பார்த்துத்தான் வருவார்.